ஒரே நீலம்

காலை ஆறே கால் மணி. முகம் கழுவ வெளியே வந்தபோது முதலில் கண்ணில் பட்டது, தகடுகளெல்லாம் கழற்றப்பட்டு வாசலில் நின்ற ஸ்கூட்டர். அதன் வயிற்றுக்குள் அத்தனை கம்பிகள் இருக்கும் என்று நான் நினைத்ததில்லை. பக்கத்தில் அப்பா குந்தியிருந்தார். மடியில் ஒரு தகட்டை வைத்து, நனைத்த உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்தார். அது வேலை நாள்.

நான் அப்போது மூன்றாம் வகுப்பு. மண்ணூர்பேட்டையில் வாடகைக்கு இருந்தோம். அப்பாவுக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு தொழிற்சாலையின் பெயின்ட் பிரிவில் வேலை. மாதிரித் தகடு ஒன்றைக் காட்டினால் போதும், கண்ணால் பார்த்தே அதே நிறத்தைக் கலந்துவிடுவார். அந்த மாதம் அவர் கலந்த நிறம், பொருந்தவில்லை என்று திரும்பி வந்திருந்தது. அவருக்குச் சர்க்கரை உண்டு. டாக்டரிடம் கண்ணைக் காட்டு, அதுவரை பேக்கிங்கில் இரு என்று போர்மேன் சொல்லியிருக்கிறார். அப்பா இரண்டுக்கும் சம்மதிக்காமல் லீவு போட்டுவிட்டார். பழைய ஸ்கூட்டருக்கு நீலம் அடித்து கம்பெனி கேட்டில் கொண்டுபோய் நிறுத்துவேன், அதைப் பார்த்துவிட்டு என் கண்ணைப் பற்றிச் சொல்லட்டும் என்று அம்மாவிடம் சொன்னது எனக்கும் கேட்டது.

போர்மேன் அப்பாவோடு ஒன்றாக வேலைக்குச் சேர்ந்தவர். குறை சொல்லாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. ஒருமுறை எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தவர், உள்ளே நுழையுமுன் கதவைத் தடவிப் பார்த்து, "இன்னா மாமே, பெயின்ட் அட்ச்சியா, சுண்ணாம்பு பூசினியா?" என்று கேட்டார். அப்பா அன்று முழுவதும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

துருவைச் சுரண்டி, பள்ளங்களில் பட்டி பூசி, காய்ந்ததும் தேய்த்து, பிரைமர் அடித்தார். முகப்பேரில் ஒரு பட்டறையிலிருந்து ஸ்பிரே கன்னும் கம்ப்ரசரும் வாடகைக்கு வந்தன. புழுதி எழாமலிருக்க அம்மா வாசலில் தண்ணீர் தெளித்தாள். முன்பக்கமும் இடப்பக்கமும் முடிந்தபோது கலந்து வைத்த பெயின்ட் தீர்ந்தது. மறுநாள் அப்பா மறுபடி கலந்தார். கலக்கிய குச்சியை வெயிலில் தூக்கிப் பிடித்து நெடுநேரம் பார்த்தார்.

வலப்பக்கத்தையும் அடித்து, தகடுகளை மாட்டி வண்டியை நிறுத்தியபோது, எங்கள் வீட்டிலிருந்து பார்த்தால் அது வான நிறம். எதிர் வீட்டிலிருந்து பார்த்தால் பச்சை ஏறிய மயில்கழுத்து. வேண்டுமென்றே அப்படி அடித்திருக்கிறார் என்று நினைத்தேன். தெருவில் வேறு யாரிடமும் இரண்டு நிற வண்டி இல்லை.

அரிசி களைந்துகொண்டிருந்த அம்மா ஈரக் கையோடு வந்தாள். ஒரு பக்கம் பார்த்தாள். சுற்றிவந்து மறுபக்கமும் பார்த்தாள்.

"ரெண்டு பக்கமும் ஒண்ணா கீதுல்ல?" என்று அப்பா கேட்டார்.

"ஒண்ணாத்தான் கீது."

உள்ளே போய் எலுமிச்சையும் மிளகாயும் கோத்து எடுத்துவந்து ஹேண்டில்பாரில் கட்டினாள். கண் பட்டுவிடும், வண்டியைப் பற்றி யாரும் வாயைத் திறக்கக் கூடாது என்று என்னிடமும் சொன்னாள். எதிர் வீட்டுக்காரி, "இன்னாக்கா, இந்தப் பக்கம் மட்டும்..." என்று தொடங்கியபோது, "வாய வெக்காத, கண்ணு பட்டுடும்" என்று அடக்கினாள். அதற்கு முன் அம்மா எதற்கும் திருஷ்டி கழித்து நான் பார்த்ததில்லை.

திங்கட்கிழமை ஷிப்ட் விடும் நேரத்துக்கு, அப்பா என்னை முன்னால் நிற்கவைத்து ஓட்டிப் போனார். ஒரே உதையில் வண்டி கிளம்பியிருந்தது. கேட்டருகில் நிறுத்தி, கைக்குட்டையால் ஒருமுறை துடைத்தார். சங்கு ஊதியது. போர்மேன் சாப்பாட்டுப் பையோடு வெளியே வந்தார். இடப்பக்கம் குனிந்து பார்த்தார். சுற்றிக்கொண்டு வலப்பக்கம் வந்தார். அங்கே கொஞ்சம் அதிகமாக நின்றார். அப்பா அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்பாவின் முகத்தில் சிரிப்பு பாதி தயாராக இருந்தது.

"நல்லா கீது மாமே," என்றார் போர்மேன். "ஒரு கொறையும் இல்ல."

"வேற ஒண்ணும் சொல்ல மாட்டியா?"

"சொல்றதுக்கு இன்னா கீது. வா, டீ சாப்ட்லாம்." சொல்லிக்கொண்டே அப்பாவின் தோளில் கை வைத்தார்.

அப்பா டீ வேண்டாம் என்றார். குறை மட்டுமே சொல்கிறவர் பாராட்டிய பிறகு, அப்பாவின் முகம் ஏன் அப்படி வாடிப்போயிற்று என்று எனக்குப் புரியவில்லை. எல்லாம் நல்லபடியாக முடிந்ததாகவே நினைத்தேன்.

அப்பா என்னைத் தூக்கி சீட்டில் உட்காரவைத்தார். ஸ்டாண்டை எடுத்து, ஹேண்டில்பாரைப் பிடித்து, வண்டியைத் தள்ளத் தொடங்கினார். எஸ்டேட் சாலையில் வேலை விட்டு வந்தவர்கள் எங்களைத் தாண்டிப் போனார்கள். வழியில் எலுமிச்சை அறுந்து விழுந்தது. சொன்னேன். அவர் நிற்கவில்லை. மண்ணூர்பேட்டை வரை தள்ளிக்கொண்டே வந்தார்.

டேங்கில் பெட்ரோல் இருந்தது.