வாசலில் கழற்றிய கால்

மலேசியாவிலிருந்து வந்திருக்கிறேன் என்றதும் திருச்சுழிப் பக்கத்தில் எல்லோரும் கேட்ட முதல் கேள்வி, "பூர்வீகம் எந்த ஊரு?" எனக்குத் தெரியாது. ரப்பர் தோட்டத்து வேலைக்குக் கப்பலேறிய தாத்தா ஊர்ப் பெயரை யாரிடமும் சொல்லாமலே போய்ச் சேர்ந்துவிட்டார். தெரியாது என்றால் அடுத்தது வரும்: "சரி, என்ன ஆளுக?" அதற்கும் அவர்களுக்குப் பிடிபடுகிற மாதிரி ஒரு பதில் என்னிடம் இல்லை. கேட்டவர் அதோடு விட்டுவிட்டு "டாக்டரம்மா" என்று ஆரம்பித்துவிடுவார். சித்தி, மதினி, அயித்தை என்று வழியில் போகிறவருக்குக்கூட ஓர் உறவு வைத்துக் கூப்பிடுகிற ஊரில் எனக்கு ஒன்றும் வாய்க்கவில்லை. நான் டாக்டரும் இல்லை. பிசியோதெரபி படித்தவள்.

எண்பதுகளின் கடைசியில் இரண்டு வருஷம் அங்கே தொண்டு வேலை பார்த்தேன். ஊனமுற்றவர்களுக்காக நடந்த ஒரு சின்னச் சங்கம் என்னை அழைத்திருந்தது. போலியோ வந்த கால்கள், வாதம் அடித்த கைகள், கிணறு வெட்டும்போது விழுந்து முதுகு போனவர்கள். வீடு வீடாகப் போய், அவர்களுடைய கை கால்களை நீட்டி மடக்கிப் பழக்குவது என் வேலை. "ஊசி போடாத டாக்டரம்மாவாம். இது எந்தூரு டாக்டரு?" என்று எம்.ரெட்டியபட்டியில் ஒருவர் என் காதுபடவே சொன்னார். நியாயமான சந்தேகம்தான்.

பாஷை ஒன்றுதானே, உனக்கென்ன கஷ்டம் என்று பினாங்கில் தோழிகள் சொல்லி அனுப்பினார்கள். வெள்ளைக்காரியாக வந்திருந்தால் எவ்வளவோ சுலபம் என்று பிறகு நினைத்துக்கொண்டேன். பாஷை தெரியாதவளிடம் கைஜாடை காட்டியாவது நாலு வார்த்தை பேசுவார்கள். நான் காலையில் எங்கள் ஊர் வழக்கப்படி, சாப்பிட்டாச்சா என்பதற்கு, "பசியாறிட்டீங்களா?" என்று கேட்டால், பெண்கள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திச் சிரித்துவிட்டுத் தங்கள் பேச்சுக்குத் திரும்பிவிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்தான் ரொம்ப மோசம். அறை ஜன்னலுக்கு வெளியே வெயிலும் சீமைக் கருவேலமும் தவிர எதுவும் இருக்காது. தாங்க முடியாமல் போனால், ஒரு வேலையும் இல்லாமலே பஸ் ஏறி அருப்புக்கோட்டைக்குப் போவேன். பஸ் ஸ்டாண்டில் ஒரு டீ. நாலு பேர் இடித்துக்கொண்டு போவார்கள், "தள்ளி நில்லும்மா" என்று யாராவது அதட்டுவார்கள். அதைக் கேட்டுவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடுவேன்.

என்னை "அக்கா" என்று கூப்பிட்டது ஒருத்திதான். வீரசோழன் போகிற வழியில் ஒரு கிராமத்துப் பெண். கைக்குழந்தையாக இருந்தபோது வந்த போலியோவில் வலது கால் சூம்பிவிட்டது. கையை ஊன்றித் தரையில் தவழ்ந்துதான் எங்கேயும் போவாள். அப்பா அவளைச் சைக்கிளில் வைத்துக் கொண்டுபோய்ப் பத்தாவது வரை படிக்கவைத்திருந்தார். அவர் இறந்த பிறகு அம்மா பருத்தி எடுக்கப் போனார். இவள் வீட்டோடு கிடந்தாள்.

அவர்கள் ஊருக்கு ஒரு பால்வாடி வரப்போவதாகப் பேச்சு. அந்த வேலை தனக்குக் கிடைக்கவேண்டும் என்பது அவள் ஆசை. வேறு எதற்கும் அவள் ஆசைப்பட்டு நான் பார்த்ததில்லை.

"பாட்டு, கதை எல்லாம் எனக்கு வரும்க்கா. ஆனா தவந்து வாரவளுக்கு யாரு வேலை குடுப்பாக? என்னைய நடக்க வச்சிருவீகளா?"

வைக்கிறேன் என்றேன். மதுரையில் காலிப்பர் செய்து வாங்கினோம். காலின் இரண்டு பக்கமும் இரும்புக் கம்பி, தொடையிலும் கெண்டைக்காலிலும் தோல் பட்டை, அடியில் கனமான பூட்ஸ். அதை மாட்டிக்கொண்டு, கக்கத்தில் கட்டையை ஊன்றி, தெருவிலும் கண்மாய்க் கரையிலும் பழகினாள். விழுவாள், சிரிப்பாள், எழுந்திருப்பாள். மூச்சு வாங்க உட்காரும்போது என்னைக் கேள்வி கேட்பாள்.

"ஒங்கூர்ல மழ பேயுமாக்கா?"

"அநேகமா தினமும் சாயங்காலம்."

"பொய் சொல்லாதீக."

அந்த ஊர்களில் பூர்வீகத்தையும் ஆளையும் தவிர என்னைப் பற்றி வேறொரு கேள்வி கேட்டு, பதிலுக்காக என் முகத்தைப் பார்த்தவள் அவள் மட்டும்தான். மற்ற வீடுகளில் வேலையைச் சீக்கிரம் முடித்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போகிற நாட்கள் உண்டு. அவளுக்காகப் போனேனா எனக்காகப் போனேனா என்று கேட்டால், எனக்காகத்தான்.

ஆனால் இந்த நடை எல்லாம் வீட்டு வாசல் வரைக்கும்தான். வாசலில் உட்கார்ந்து பட்டைகளை அவிழ்த்து, காலிப்பரைச் செருப்புக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, உள்ளே தவழ்ந்து போய்விடுவாள். நான் அவள் அம்மாவிடம் சண்டைக்குப் போனேன்.

"செருப்புக் காலோட அடுப்படிக்கு வரச் சொல்றீகளாக்கும்? வெளக்கு ஏத்துற வீடும்மா."

"அது செருப்பு இல்லம்மா. அவ காலு."

"காலுன்னா படுக்கையில கழட்டி வப்பாளா?"

நானும் பினாங்கில் செருப்பைப் படியிலேயே விட்டுவிட்டு வீட்டுக்குள் போகிறவள்தான். உள்ளே மட்டும் போட்டுக்கொள்ளத் தனியாக ஒரு பூட்ஸ் செய்யலாம் என்றேன். புதுசானாலும் தோல் தோல்தானே என்றார். அவளோ இதில் தனக்குச் சம்பந்தமே இல்லாதவள்போலப் புளி கரைத்துக்கொண்டிருந்தாள். சரி, வெளியிலாவது நடக்கிறாளே என்று விட்டுவிட்டேன்.

பால்வாடி வேலைக்கு நேர்முகத் தேர்வு வந்தது. திருச்சுழியில் ஓர் அலுவலகத்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள். பஸ்ஸை விட்டு இறங்கி, நல்ல வெயிலில், என் கையைப் பிடிக்காமல் அவ்வளவு தூரமும் நடந்தாள். எனக்குப் பெருமை பிடிபடவில்லை. பவுடரும் பூவுமாக வந்திருந்த மற்ற பெண்களோடு அவளை உட்காரவைத்துவிட்டு, வராந்தா ஜன்னல் பக்கத்து பெஞ்சில் இருந்தேன்.

அவளைக் கூப்பிட்டார்கள். கட்டையும் பூட்ஸும் மாறி மாறித் தட்டும் சத்தத்துக்காகக் காத்திருந்தேன். சத்தமே இல்லை. திரும்பிப் பார்த்தேன். கதவுக்கு வெளியே பெண்கள் மரியாதைக்காகக் கழற்றிவிட்டிருந்த செருப்புகளின் வரிசை. அதன் கடைசியில், பட்டைகளைச் சுருட்டி, ஓரமாகக் காலிப்பர். உள்ளே அதிகாரிகள் எல்லோரும் ஷூவும் செருப்புமாகத்தான் இருந்தார்கள்.

ஜன்னல் வழியாகப் பேச்சு கேட்டது. ஒரு பெண் அதிகாரி.

"என்னம்மா, ஒன்னால நடக்க முடியாதா?"

"நடப்பேன் மேடம். பஸ்ஸு நிக்கிற எடத்துல இருந்து நடந்துதான் வந்தேன்."

"பிறகு ஏன் இப்படி வர்ற?"

"வெளிய கழட்டி வச்சிருக்கேன்."

"பரவாயில்லம்மா, போட்டுக்கிட்டு வா" என்றார் அந்த அம்மா. எடுத்துக் கொடுக்க நான் எழுந்தேவிட்டேன்.

"வேணாம் மேடம். பால்வாடியிலயும் கழட்டித்தான் வப்பேன். பிள்ளைக தரையில உக்காந்து சாப்புடுற எடம்ல. அதுக ஒசரத்துக்கு நானும் இருந்தா நல்லதுதான?"

நான் மறுபடி உட்கார்ந்தேன். வேலை போயிற்று என்றே முடிவு கட்டிவிட்டேன். திரும்பும் பஸ்ஸில் ஜன்னல் பக்கமே முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"கோவமாக்கா?"

"ஆமா."

"ரோட்டுக்குத்தான்க்கா அது. ரோட்டுல நடந்தேன்ல?"

வேலை அவளுக்கே கிடைத்தது. எப்படிக் கொடுத்தார்கள் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. அவள் செய்தது எனக்கு இன்றும் சம்மதமும் இல்லை. தரையில் தேய்ந்து தேய்ந்து முட்டி என்ன ஆகும் என்று படித்தவள் நான். ஆனால் செய்தி வந்த அன்று அவள் அம்மா முதல் தடவையாக எனக்குச் சாப்பாடு போட்டார். இரண்டாம் தடவை சோறு வைக்கும்போதும் "டாக்டரம்மா" என்றே சொன்னார்.

ஊருக்குப் புறப்படும் வாரம், சொல்லிக்கொள்ளலாம் என்று அந்தப் பால்வாடிக்குப் போனேன். கதவு திறந்திருந்தது. நடுவில் அவள் தரையில் உட்கார்ந்திருந்தாள். அவள் சூம்பிய காலைத் தலையணையாக வைத்து ஒரு பிள்ளை தூங்கியது. இன்னொன்று முதுகில் தொங்கியது. மற்றதெல்லாம் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தன. ஏதோ யானைக் கதை. எனக்குப் பொறாமையாக இருந்தது. அந்தப் பிள்ளைகள்மேல்தான்.

கூப்பிட்டிருந்தால் திரும்பியிருப்பாள். கூப்பிட்டால் கதை நின்றுவிடும், தூங்குகிறது எழுந்துவிடும். அப்படியே நின்றேன். அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. கதவோரம் காலிப்பர் இருந்தது. குனிந்து பார்த்தபோது முட்டிப் பக்கத்துத் திருகாணி ஒன்று ஆடியது. அதோடு நடந்தால் வழியில் முட்டி மடங்கி விழுந்துவிடுவாள். பையிலிருந்து திருப்புளியை எடுத்து, வாசலில் உட்கார்ந்து, அதை முறுக்கினேன். ஆட்டிப் பார்த்தேன். ஆடவில்லை. இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு பஸ்ஸுக்கு நடந்தேன்.