அந்தரம் என்ற சொல்லுக்குச் சிங்களம்

ஜெகதீஸ்வரி சிங்களத்தைப் பள்ளிக்கூடத்தில் படிக்கவில்லை. அவளுடைய தகப்பன் வவுனியாவில் சைக்கிள் திருத்தும் கடை வைத்திருந்த காலத்தில், பக்கத்து வளவுச் சிங்களப் பிள்ளைகளோடு மாங்காய்க்கு அடிபட்டு அடிபட்டே அந்த மொழி அவள் வாயில் ஏறிவிட்டது. கலியாணம் கட்டி விசுவமடுவுக்கு வந்து, இடம்பெயர்ந்து, திரும்பி வந்து, ஐம்பதை நெருங்கும் வயதிலும் அது மறக்கவில்லை. முல்லைத்தீவுப் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில் சிற்றூழியராகச் சேர்ந்தபோது, தள்ளுவண்டி தள்ளுவதும் வார்டு கூட்டுவதும்தான் வேலை என்றார்கள். மாத்தறையிலிருந்து புதிதாக ஒரு டொக்டர் வந்த பிறகு, கிளினிக் நாட்களில் அவருடைய மேசைக்குப் பக்கத்தில் நிற்பதும் அவளுடைய வேலையாகிவிட்டது. டொக்டருக்குத் தமிழில் "வாங்க", "இருங்க", "நோகுதா" மட்டும் வரும். மிச்சமெல்லாம் ஜெகதீஸ்வரியின் வாய்வழியே போய் வர வேண்டும்.

அந்த வேலை அவளுக்குப் பிடித்திருந்தது. குத்துகிறது, எரிகிறது, விறைக்கிறது, உளைகிறது என்று சனம் சொல்வதற்கெல்லாம் அவளிடம் ஒரு சிங்களச் சொல் இருந்தது. இல்லாவிட்டால் இரண்டு சொல்லைச் சேர்த்துச் சமாளிப்பாள். ஒரு வாளியிலிருந்து இன்னொரு வாளிக்குத் தண்ணீர் ஊற்றுவது போலத்தான். கொஞ்சம் சிந்தினாலும் குடிக்கப் போதும் என்று நினைத்திருந்தாள்.

அப்படியிருக்கத்தான் புனிதமலர் வந்தாள். கடற்கரைக் கிராமத்துப் பெண், ஜெகதீஸ்வரியைவிடக் கொஞ்சம் மூத்தவள். கணவன் அன்ரன் கடற்றொழிலுக்குப் போகிறவர். கதிரையில் இருந்ததும் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு சொன்னாள்.

"இதுக்குள்ள ஒரே அந்தரமாக் கிடக்கு."

ஜெகதீஸ்வரி யோசிக்காமலே டொக்டரிடம் "பய" என்றாள்.

புனிதமலர் சட்டென்று திரும்பினாள். "தங்கச்சி, நான் பயமெண்டு சொல்லேல்லையே."

சிங்களம் தெரியாதவளுக்கும் அந்தச் சொல் பிடிபட்டுவிட்டது. ஜெகதீஸ்வரி வெட்கத்தோடு "ஹதிஸி" என்று மாற்றினாள். பஸ்ஸைத் தவறவிடப் போகிறவர்களும் அந்தரம் என்றுதானே சொல்கிறார்கள்? டொக்டர் சிரித்தார். வீட்டுக்குப் போக அவசரமென்றால் கெதியாகப் பார்த்து அனுப்பிவிடலாம் என்றார். அதுவும் இல்லை என்று அவள் "கலபல" என்றாள். அது குழப்பத்துக்கும் சொல்வது, கலவரத்துக்கும் சொல்வது. வீட்டில் ஏதும் பிரச்சினையா என்று டொக்டர் கேட்டார். ஜெகதீஸ்வரி அதைத் தமிழில் கேட்டு முடிக்கவில்லை, புனிதமலருக்குக் கோபம் வந்துவிட்டது.

"ஆர் சொன்னது பிரச்சினையெண்டு? அந்தாள் வாய் திறந்து கதைக்கிறதே குறைவு."

ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்தார்கள். ஒன்றும் தெரியவில்லை. அடுத்த மாதம் வரச் சொல்லி அனுப்பினார் டொக்டர்.

அன்று பின்னேரம் வீட்டு முற்றத்தில் அவளுடைய கணவன் தயாபரன் தண்ணீர்ப் பம்பைக் கழற்றிப் போட்டுக்கொண்டிருந்தான். ஜெகதீஸ்வரி பக்கத்தில் போய்க் குந்தினாள்.

"இஞ்சேருங்கோ, அந்தரமெண்டால் என்ன?"

"அந்தரமெண்டால் அந்தரம்தான்."

"அது எனக்கும் தெரியும். என்னெண்டு சொல்லுங்கோவன்."

தயாபரன் கையைத் துணியில் துடைத்தான். "நெல்லு வெட்டுற நாளில மழை இருட்டிக்கொண்டு வரும். மெஷின்காரன் போன் எடுக்கமாட்டான். அப்ப ஒண்டு வருமே, அது."

வார்டில் கூட வேலை செய்யும் கௌசலாவிடம் கேட்டாள். மகளுக்குப் பள்ளிக்கூடச் சோதனை மறுமொழி வருகிற நாளின் காலை என்றாள் கௌசலா. பஸ்ஸில் பக்கத்திலிருந்த ஒரு கிழவர் நெடுநேரம் யோசித்துவிட்டு, செத்த வீட்டு வாசலில் என்ன சொல்லிக்கொண்டு உள்ளே போவதென்று தெரியாமல் நிற்பதுதான் அந்தரம் என்றார். ஒருவரும் சொல்லுக்குப் பொருள் சொல்லவில்லை. எல்லோரும் ஒரு சம்பவத்தைச் சொன்னார்கள். மழையும் மறுமொழியும் செத்த வீடும் ஒன்றுக்கொன்று என்ன உறவு? எல்லோருக்கும் உள்ளே வருவது ஒன்றேதானா, அல்லது ஆளுக்கொன்றை வைத்துக்கொண்டு ஒரே சொல்லுக்குத் தலையாட்டுகிறோமா? இந்தக் கேள்வி வந்த பிறகு அவளுக்கு மற்றச் சொற்களிலும் சந்தேகம் பிடித்துவிட்டது. "தலை சுத்துது" என்று யாராவது சொன்னால், எப்படிச் சுத்துது, இடமா வலமா என்றெல்லாம் கேட்கத் தொடங்கினாள். சனம் அவளை ஒரு மாதிரிப் பார்த்தது.

அடுத்த கிளினிக்கில் புனிதமலர் அதே சொல்லோடு வந்தாள். இந்தமுறை ஜெகதீஸ்வரி டொக்டரிடம், இதற்கு என்னிடம் சிங்களம் இல்லை என்று நேராகவே சொன்னாள். டொக்டர் பேனையைக் கீழே வைத்தார். அப்படியென்றால் அது எப்படியிருக்கிறதென்று காட்டச் சொல்லுங்கள் என்றார்.

புனிதமலர் கதிரையைக் கிட்ட இழுத்தாள். பிறகு ஜெகதீஸ்வரியின் கையை இழுத்து, மணிக்கட்டில் விரல்களால் தட்டத் தொடங்கினாள்.

"இஞ்ச பார். இப்பிடி."

இவ்வளவு நாளும் கேட்டதைவிட ஜெகதீஸ்வரிக்கு இந்தத் தட்டில் கூடுதலாக விளங்கியது போலிருந்தது. சந்தோஷத்தோடு டொக்டர் பக்கம் திரும்பி, அதே மாதிரி மேசையில் தட்டிக் காட்டினாள். டொக்டர் தலையைச் சரித்துக் கேட்டார். பிறகு, நீங்கள் வேண்டாம் அக்கே, அவரையே தட்டச் சொல்லுங்கள் என்றார்.

புனிதமலர் மேசையில் தட்டினாள். கெதியாக நாலைந்து, ஒரு நிற்பு, ஒன்று, பிறகு தடுமாறி ஓடுகிற மாதிரி ஒரு பாய்ச்சல், மறுபடியும் நிற்பு. ஜெகதீஸ்வரி தட்டியதோ மணிக்கூடு மாதிரி ஒரே சீராக இருந்தது. தன் கை தன்னை அறியாமலே அதைத் திருத்திச் சொன்னதை நினைக்க அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. சொல்லை விடலாம், தட்டைக்கூட அப்படியே கொண்டுபோய்க் கொடுக்க முடியவில்லையே!

டொக்டர் அப்போதே பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதினார். ஒரு நாள் முழுக்க நெஞ்சில் ஒட்டிவைக்கும் சின்னக் கருவி ஒன்றைப் பூட்டிப் பார்த்தார்கள். இதயம் இடைக்கிடை தாளம் தப்புவது அதில் பிடிபட்டது. குளிசை கொடுத்தார்கள்.

குளிசை வேலை செய்தது. அடுத்த தடவை வந்தபோது புனிதமலரின் முகம் தெளிந்திருந்தது. டொக்டர் தானாகவே தமிழில் "அந்தரம் போச்சா?" என்று கேட்டார். சொல்லை எப்போது பாடமாக்கினாரோ தெரியாது.

"அந்தப் படபடப்புப் போயிட்டுது டொக்டர். அந்தரம் கிடக்குத்தான்."

டொக்டரும் ஜெகதீஸ்வரியும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

கன்ரீனில் பிளேன்ரீ குடிக்கும்போது ஜெகதீஸ்வரி கேட்டாள். "அப்ப மிச்சம் என்ன அக்கா?"

"முந்தி அவரின்ர போட் எஞ்சின் சத்தம் எனக்குத் தனியாத் தெரியும். ஆயிரம் எஞ்சினுக்குள்ளயும் பிடிப்பன். இப்ப மாத்திப் பூட்டினது எல்லாரின்ர எஞ்சினையும் போலத்தான் கத்துது. போட் கண்ணுக்குத் தெரியிற வரைக்கும் ஆரெண்டு தெரியாது."

"விளங்குது அக்கா."

உண்மையிலேயே விளங்கியதாகத்தான் நினைத்துச் சொன்னாள். பஸ்ஸில் வரும்போதுதான் யோசித்தாள். புனிதமலர் சொல்லச் சொல்ல அவள் கண்டது கடலை அல்ல. யானைக் காவலுக்குப் போகும் தயாபரனின் டோர்ச் வெளிச்சம் வயல் நடுவில் திடீரென்று அணைவதைத்தான். விளங்கியது புனிதமலருடையதா, தன்னுடையதா?

அதைப் பார்த்தே விடுவதென்று ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியவே கடற்கரைக்குப் போனாள். புனிதமலர் அவளுக்கு ஒரு பெட்டியைக் கவிழ்த்து இருக்கக் கொடுத்தாள். கடல் சாம்பல் நிறமாக இருந்தது. தூரத்தில் எஞ்சின்கள் ஒவ்வொன்றாகக் கேட்கத் தொடங்கின. ஜெகதீஸ்வரி காதைக் கொடுத்து, நெஞ்சைக் கவனித்து, காத்துக்கொண்டிருந்தாள். ஒன்றும் வரவில்லை. பசித்தது, காலுக்குள் மணல் கடித்தது, அவ்வளவுதான். கடலில் அவளுடைய ஆள் எவரும் இல்லை. பக்கத்தில் நின்ற புனிதமலர் சேலைத் தலைப்பைச் சுருட்டுவதும் விடுவதுமாக இருந்தாள். ஒரு முழம் இடைவெளிதான். ஆனால் அந்தப் பக்கம் நடப்பது இந்தப் பக்கம் வரவில்லை.

அன்ரனின் போட் கரையேறியது.

"மீன் பட்டுதோ?"

"கொஞ்சம்."

அவ்வளவுதான் அவர்கள் கதைத்தது. ஆனாலும் புனிதமலரின் கை சேலைத் தலைப்பை விட்டுவிட்டதை ஜெகதீஸ்வரி கண்டாள். பையொன்றில் விளைமீன் போட்டுக் கொடுத்து அனுப்பினாள் புனிதமலர்.

அடுத்த கிளினிக்கன்று, ஆட்கள் உள்ளே வருமுன், டொக்டர் அந்தச் சொல்லைப் பற்றித் தானாகவே கேட்டார். ஜெகதீஸ்வரி ஒற்றைச் சொல்லைத் தேடவில்லை. எஞ்சினைச் சொன்னாள், மழையைச் சொன்னாள், செத்த வீட்டு வாசலைச் சொன்னாள், டோர்ச் வெளிச்சத்தையும் சொன்னாள். அவ்வளவு நீளமாக அவள் சிங்களம் கதைத்தது மாங்காய்க் காலத்துக்குப் பிறகு அன்றுதான். டொக்டர் குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு, நான் லீவு முடிந்து மாத்தறையில் பஸ் ஏறினால் அம்மா விடியும்வரை போனைக் கையில் வைத்துக்கொண்டே இருப்பா, நான் அழைத்தால் ஒன்றும் கதைக்கவும் மாட்டா, அதுவா என்று கேட்டார்.

ஜெகதீஸ்வரி அந்த அம்மாவை நினைத்துப் பார்த்தாள். அதேதான் என்று சொல்ல வாய் வரவில்லை. இல்லை என்று சொல்லவும் மனம் வரவில்லை.

"கிட்டுய், டொக்டர்" என்றாள். கிட்ட வந்துவிட்டீர்கள் என்று.

டொக்டர் தலையாட்டினார். வெளியே வாங்கில் காத்திருந்தவர்கள் சத்தம் போடத் தொடங்கியிருந்தார்கள். ஜெகதீஸ்வரி கதவைத் திறந்து முதல் ஆளைக் கூப்பிட்டாள்.