வாட்ச் பொய் சொல்கிறது என்றேன்

மாரத்தான் ஓட ஆசைப்பட்டவன் முதலில் தொப்பையைக் குறைத்திருக்க வேண்டும். நான் வாட்ச் வாங்கப் போனேன். தாராவியில் இப்படியோர் அறிவாளி நான் ஒருவன்தான்.

என்னோடு ஓடப்போகிற அக்கா வீட்டுக்காரரையும் செம்பூர் கடைக்கு இழுத்துப் போனேன். என் கையில் இதயத்துடிப்பை எழுபத்தெட்டு என்று காட்டிய வாட்ச், சும்மா உட்கார்ந்திருந்த அத்தான் கையில் நூற்று நாற்பது காட்டியது.

"அண்ணாச்சி, இந்த பீஸ் கராப்பு. வேற குடுங்க."

கடைக்காரர் கொடுத்த அடுத்ததும் அதையே காட்டியது.

"என்ன அத்தான், அக்காவ நெனச்சு பயந்துட்டியளோ?"

நானும் கடைக்காரரும் விழுந்து விழுந்து சிரித்தோம். அந்தச் சிரிப்பில் அத்தான் முகத்தை நான் பார்க்கவே இல்லை. கடைசியில், ஓடிய தூரத்தை மட்டும் காட்டும் ஜி.பி.எஸ். வாட்சை ஆளுக்கொன்று வாங்கினோம்.

அடுத்த வாரம் மாட்டுங்காவில் ஓடும்போது அத்தான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். ஆஸ்பத்திரி போய்ச் சேருமுன் எல்லாம் முடிந்துவிட்டது.

காரியம் கழிந்ததும் அக்காவிடம் மறைக்க முடியவில்லை.

"கடையிலயே வாட்ச் காட்டிச்சுக்கா. நான்தான் வாட்ச் கெட்டுப்போச்சுன்னு சிரிச்சிட்டேன்."

அடிப்பாள் என்று நினைத்துத் தலையைக் குனிந்துகொண்டேன். அவள் நிமிராமலே கேட்டாள்:

"அவிய சிரிச்சாவளா?"