வெள்ளிக்கிழமை வெட்டு

என் மாமாவுக்குக் கோல்ஃப் ஆடும் வேலை கிடைத்துவிட்டது என்றுதான் எங்கள் தேயிலைத் தோட்டத்து லய வீடுகளில் எல்லோரும் நம்பினார்கள். அது வேலை இல்லை, வேலை மாதிரித் தெரியும் வேறொன்று என்பது எங்களுக்குப் புரிய ஏறக்குறைய ஒரு வருடம் ஆயிற்று. அதற்குள் பட வேண்டியதெல்லாம் பட்டாகிவிட்டது.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. கல்யாணம் ஆகாதவர், எங்களோடுதான் இருந்தார். தோட்டத்துத் தொழிற்சாலையில் கொழுந்து உருட்டும் இயந்திரத்தில் அவருக்கு வேலை. அப்பாவும் ஒரு காலத்தில் தோட்டத்து ஆள்தான். உர மூட்டை ஏற்றி வந்த லோரி சரிவில் பின்னால் உருண்டு வந்து அவருடைய காலை நசுக்கிய பிறகு, நஷ்ட ஈடும் ஒரு மாலையும் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அம்மா பக்கத்து ஊரான திரிங்காப்பில் கோஸும் தக்காளியும் பெட்டி கட்டும் கொட்டகைக்குப் போய் வந்தாள். ஆகவே நாங்கள் குடியிருந்த வீடு மாமாவின் பேரில்தான் நின்றது. தோட்டத்தில் வீடு வேலையோடு ஒட்டி வருவது. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் கூப்பிட ஒரு பேர் இருக்கும்வரை தலைக்கு மேல் கூரை இருக்கும். பேரை வெட்டிவிட்டால் சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான்.

மாமாவுக்கு இந்தப் பெரிய மனிதர்களின் ஆட்டம் எப்படித் தொற்றியது என்றால், தானா ராத்தா ஊருக்குப் போகிற வழியில் இருக்கும் மைதானத்தில் சின்ன வயதில் பந்து பொறுக்கப் போனதில்தான். தவுக்கே என்று எல்லோரும் கூப்பிடும் ஒரு சீன முதலாளி தன் பழைய மட்டைகளைக் கொடுத்தார். மாமா அவற்றை எடுத்துக்கொண்டு கவ்வாத்து வெட்டிய சரிவில் நின்று அடிப்பார். பந்து தேயிலைக்குள் போய் விழும். கொழுந்து வெட்டும் வங்காளதேசத் தொழிலாளர்கள் அதை எடுத்து வைத்திருந்து சாயங்காலம் சிரித்துக்கொண்டே கொடுப்பார்கள். ஒரு தடவை கொழுந்து மூட்டையோடு ஒரு பந்தும் தொழிற்சாலைக்கே வந்துவிட்டது. யாராவது தேநீரில் கோல்ஃப் பந்தைக் கண்டெடுத்தால் மாமாவின் பேர்தான் வெளியே வரும் என்று எல்லோரும் கேலி செய்தார்கள். கேலி செய்தவர்கள்தான் பிற்பாடு பெருமையும் பட்டார்கள்.

நம் வட்டார நாடுகளைச் சுற்றி ஆண்களுக்கான தொழில்முறைப் போட்டித் தொடர் ஒன்று நடக்கிறது. ஒரு வாரம் தாய்லாந்து, அடுத்த வாரம் இந்தோனேசியா, பிறகு இங்கே, பிறகு வேறு எங்கோ. அதில் ஆட முதலில் ஒரு தேர்வு ஆட்டத்தில் ஜெயித்துக் ‘கார்டு’ வாங்க வேண்டும். மாமா வாங்கிவிட்டார். அப்பா நொண்டிக்கொண்டே லயத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை போய், “எங்க மாப்ளைக்கு அங்க பேர் போட்டாச்சுலா!” என்று சொல்லி வந்தார். தோட்டத்து மக்களுக்குப் பேர் போட்டால் என்ன அர்த்தம்? மாதம் பிறந்தால் சம்பளம். எல்லோரும் அப்படித்தான் புரிந்துகொண்டார்கள். அம்மா கேசரி கிண்டினாள்.

முதல் போட்டிக்குப் போய்விட்டு மாமா வெறுங்கையோடு திரும்பியபோதுதான் விவகாரம் மெல்ல வெளியே வந்தது. நூற்றுக்கு மேல் ஆட்கள் வியாழக்கிழமை ஆட்டத்தைத் தொடங்குவார்கள். வியாழன், வெள்ளி இரண்டு நாளும் எல்லோரும் ஆடலாம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒரு கோடு கிழித்து, குறைந்த அடிகளில் ஆடிக் கோட்டுக்கு மேலே இருப்பவர்களை மட்டும் சனி, ஞாயிறு ஆட விடுவார்கள். அதற்குப் பேர் ‘கட்’. கோட்டுக்குக் கீழே இருப்பவன் பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம், ஒரு காசு கிடையாது. நுழைவுக் கட்டணம், விமானம், அறை, பை தூக்குபவர் கூலி எல்லாம் ஆடுகிறவன் தலையில்தான். வருடக் கடைசியில் வரிசையில் கீழே கிடந்தால் கார்டும் போய்விடும். மறுபடியும் தேர்விலிருந்து தொடங்க வேண்டும்.

அப்பாவுக்கு இது தலைகால் புரியவில்லை. தோட்டத்தில் மழை பிடித்து வேலை பாதியில் நின்றால்கூட அரைப்பேர் போடுவார்கள், அரைநாள் கூலி உண்டு.

“ரெண்டு நாள் வெயில்ல நின்னு ஆடியிருக்க. அரைப்பேர் கூடவா போட மாட்டான்?”

“அங்க அரைப்பேர்லாம் கெடையாது மச்சான்.”

“அப்ப தொரைங்களே தேவலாம் போலருக்கே” என்றார் அப்பா. அப்பா வாயிலிருந்து துரைமார்களுக்கு நல்ல வார்த்தை வந்தது எனக்குத் தெரிந்து அந்த ஒரு தடவைதான்.

அதன் பிறகும் மாமா போய்க்கொண்டுதான் இருந்தார். சம்பளமில்லாத விடுப்பு எடுத்துப் போவார், வெள்ளிக்கிழமை வெட்டில் விழுவார், திரும்பி வருவார். இரண்டொரு தடவை கோட்டைத் தாண்டினார். அப்போது கிடைத்தது அடுத்த பயணத்துக்கே போயிற்று. அப்பாதான் கால் போனதிலிருந்து வெளியே சொல்லிக்கொள்ள வேறொன்றும் இல்லாமல் மாமாவின் ஆட்டத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார். நானும் அதையே பிடித்துக்கொண்டிருந்தேன். பள்ளியில் எங்கள் மாமா விமானத்தில் போகிறவர் என்று சொல்லிக்கொள்வேன்.

வருடம் முடியப் போகும் சமயத்தில் ஈப்போவுக்கு வெளியே உள்ள ஒரு மைதானத்தில் போட்டி வந்தது. அதில் கோட்டைத் தாண்டி ஓரளவு நல்ல இடத்தில் முடித்தால்தான் கார்டு தங்கும், இல்லாவிட்டால் போச்சு என்று மாமா சொன்னார். அந்த வாரம்தான் தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதும் கிராணியும் எங்கள் வாசலுக்கு வந்தார். கெட்டவர் இல்லை, செருப்பைக்கூடக் கழற்றாமல் வெளியிலேயே நின்று சங்கடத்தோடு பேசினார்.

“புது தொர கறாரா சொல்லிட்டாரு தம்பி. வியாழன், வெள்ளி லீவு. சனிக்கெழம பெரட்டுல நீ நிக்கலன்னா பேர வெட்டிருவாங்க. அப்பறம் வீட்டுக்கும் ஆள் காத்துக்கிட்டு இருக்கு. நான் ஒண்ணும் பண்ண முடியாதுலா.”

ஆக இரண்டு பக்கமும் வெட்டு. அங்கே வெள்ளிக்கிழமை வெட்டுக்குத் தப்பினால் சனிக்கிழமை ஆட வேண்டும், சனிக்கிழமை ஆடினால் இங்கே பேர் வெட்டு. இதை எனக்கு யாரும் விளக்கவில்லை, ஆனால் அந்தச் சின்ன வீட்டில் காதில் விழாதது எது? அப்பா உறுதியாக இருந்தார். “வீடு போனா மசுரு போச்சு. கம்போங் ராஜாவுல ஒரு ரூம்பு பாத்துக்கலாம். நீ ஆடு மாப்ள.” கம்போங் ராஜாவில் அறை வாடகை என்ன என்று அப்பா விசாரித்ததே இல்லை. அம்மா விசாரித்திருந்தாள். அவள் மறுநாள் கொட்டகையிலிருந்து கோஸ் அடுக்கும் அட்டைப் பெட்டிகளைக் கட்டிக்கொண்டு வந்து சுவரோரம் வைத்தாள். மாமா எதற்கு என்று கேட்டார். “சும்மாதான் தம்பி” என்றாள். மாமா அந்தப் பெட்டிகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வியாழக்கிழமை ஆடிவிட்டு மாமா இரவே வீடு வந்திருந்தார். பள்ளி விடுமுறை என்பதால் வெள்ளிக்கிழமை அவர் ஓட்டிய பழைய காரில் அப்பாவோடு நானும் போனேன். கீழே இறங்க இறங்கக் காது அடைத்தது, சட்டை வியர்வையில் ஒட்டியது. மைதானத்தில் பார்க்க வந்தவர்கள் என்று பெரிதாக யாரும் இல்லை. கையில் வாக்கி டாக்கி வைத்த அதிகாரிகள், பை தூக்குபவர்கள், மனைவிமார் சிலர், நாங்கள். தொலைக்காட்சியில் பார்ப்பது போல ஜே ஜே என்று இருக்கும் என நினைத்துப் போன எனக்கு ஒரே ஏமாற்றம். அப்பா ஊன்றுகோலோடு மேடு பள்ளமெல்லாம் ஏறி இறங்கினார். கைப்பேசியை நிமிடத்துக்கொரு தரம் பார்த்து, கோடு எங்கே நிற்கிறது என்று எனக்குச் சொல்லிக்கொண்டே வந்தார்.

மாமா அன்று அழகாக ஆடினார். எனக்கு ஆட்டம் தெரியாது, ஆனாலும் அவர் அடித்த பிறகு மற்றவர்கள் தலையாட்டுவது தெரிந்தது. கடைசிக் குழிக்கு வரும்போது அவர் சரியாகக் கோட்டின் மேல் நின்றார். கூடுதல் அடி ஒன்றும் விழாமல் அந்தக் குழியை முடித்தால் சனிக்கிழமை ஆட்டம் உண்டு. ஒரு அடி கூடினால் இல்லை. அப்பா என் தோளை இறுகப் பிடித்திருந்தார், எனக்கு வலித்தது.

மாமா அடித்த பந்து கொஞ்சம் விலகி, நாங்கள் நின்ற பாதையோரம் வந்து நீளமான புல்லில் நின்றது. நாங்கள் ஒதுங்கினோம். நான் மரத்தடியில் குந்தி உட்கார்ந்தேன். பந்து என் கண்ணுக்கு நேரே, வெள்ளையாக, புல்லுக்கு நடுவில் இருந்தது. மாமா வந்து நின்றார். மட்டையைப் பந்துக்குப் பின்னால் தரையில் வைத்தார். குழியைப் பார்த்தார், பிறகு அப்பாவைப் பார்த்தார், பிறகு பந்தைப் பார்த்தார். அப்படியே வெகுநேரம் நின்றார். திடீரென்று மட்டையை எடுத்துவிட்டுக் கையை உயர்த்தினார். கூட ஆடிய தாய்லாந்துக்காரரைக் கூப்பிட்டு ஏதோ சொன்னார். அவர் முகம் மாறியது.

அதிகாரி ஒருவர் சின்ன வண்டியில் வந்து இறங்கினார். மலாய்க்காரர், வயதானவர். தொழில்முறை ஆட்டத்தில் வழக்கம் இதுதான்: ஆடுபவனின் மட்டை பட்டுப் பந்து இடம் மாறினால் ஒரு அடி அபராதம், யாரும் பார்க்காவிட்டாலும் அவனே சொல்லிவிட வேண்டும். அதிகாரி குனிந்து பந்தைப் பார்த்தார். மாமாவின் நிலைமை அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். வழி காட்டுகிற குரலில் மெதுவாகக் கேட்டார்.

“கோயாங் சாஜா, அத்தாவ் பிண்டா?”

பந்து லேசாக அசைந்தது மட்டும்தானா, இல்லை இடம் மாறியதா? வெறுமனே அசைந்துவிட்டுப் பழைய இடத்திலேயே நின்றிருந்தால் அபராதம் இல்லை. ‘கோயாங்’ என்று மாமா சொன்னால் போதும், எல்லோரும் நிம்மதியாகப் போயிருப்பார்கள்.

“பிண்டா” என்றார் மாமா.

ஒரு அடி கூடியது. அதன் பிறகு அவர் அடித்த பந்து நேராகப் போய் கொடிக்குப் பக்கம் நின்றது, இரண்டு தட்டில் குழிக்குள் போனது. அந்த அபராத அடி இல்லையென்றால் கணக்கு சரியாக இருந்திருக்கும். வேண்டுமென்றே மோசமாக அடிக்க அவருக்குக் கை வரவில்லை போலிருக்கிறது என்று இப்போது நினைக்கிறேன். கைக்குப் பொய் தெரியாது, வாய்தான் சொல்லியாக வேண்டும். தாய்லாந்துக்காரர் தொப்பியைக் கழற்றிவிட்டு மாமாவின் கையைக் குலுக்கினார். அதிகாரி அவர் முதுகைத் தட்டிக் கொடுத்தார். இப்படி ஒரு நேர்மையான ஆளைப் பார்த்ததில்லை என்று யாரோ சொன்னார்கள்.

கார் மலை ஏறத் தொடங்கியது. வழியில் ஒரு கடையில் நிறுத்தினோம். அப்பா கழிவறைக்குப் போயிருந்தபோது நான் மாமாவிடம் கேட்டேன்.

“மாமா, பந்து நகரவே இல்லையே. நான் கிட்டக்க இருந்து பாத்தேன்.”

“நகந்துச்சு பாப்பா.”

“இல்ல மாமா. சத்தியமா இல்ல.”

மாமா என்னை ஒரு மாதிரி பார்த்தார். “யார்கிட்டயாச்சும் சொன்னியா?”

“இல்ல.”

“சொல்லாத.” பிறகு எனக்கு மைலோ வாங்கிக் கொடுத்தார்.

அந்த வருடத்தோடு கார்டு போயிற்று. மாமா மறுபடி தேர்வுக்குப் போகவில்லை. மட்டைகளை யாருக்குக் கொடுத்தார் என்றுகூட எனக்குத் தெரியாது. லயத்தில் அவரை ‘அரிச்சந்திரன்’ என்று கூப்பிட ஆரம்பித்து, அதுவே நிலைத்துவிட்டது. நான் பள்ளிக் கடைசி எஸ்பிஎம் தேர்வு எழுதும்வரை அந்த வீட்டில்தான் இருந்தோம், மின்விளக்கும் மேசையும் என் படிப்பும் எல்லாம் அங்கேதான். மாமா அவ்வளவு காலமும் உருட்டு இயந்திரத்தின் பக்கத்தில் நின்றார். அப்பா சாகும்வரை அவரை மன்னிக்கவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீடு வந்து சேர்ந்ததும் அப்பா வெடித்தார். யாருமே பார்க்கலையே, எதுக்குடா வாயத் தொறந்த, உன்னைக் கேட்டானா அவன், என்று கத்தினார். நான் அடுப்படிக்கு ஓடினேன். அம்மா கொட்டகையிலிருந்து வந்த சட்டையைக்கூட மாற்றாமல் சோறு வடித்துக்கொண்டிருந்தாள். மாமா சொல்லாதே என்றாரே ஒழிய, அம்மாவிடம் சொல்லாதே என்று சொல்லவில்லை. தவிர இது சொல்லியே ஆக வேண்டிய விஷயமாக எனக்குப் பட்டது.

“அம்மா, மாமாவுக்குக் கண்ணு டெஸ்ட் பண்ணணும்மா. பந்து அசையவே இல்ல. நான் பக்கத்துலயே குந்தியிருந்தேன். அவரு அசஞ்சிருச்சுன்னு சொல்றாரு.”

அம்மா பானையைக் கீழே வைத்தாள். “என்னடி சொல்ற?” என்றாள். நான் மறுபடியும் சொன்னேன். அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவள் தோள் குலுங்கியது, சத்தமே வரவில்லை. கண்ணாடி வாங்கச் செலவாகுமே என்றுதான் அழுகிறாள் என்று நான் நினைத்தேன். அதனால் ஆறுதல் சொன்னேன்.

“அழாதம்மா. எங்க ஸ்கூலுக்குக் கண்ணு டாக்டர் வருவாங்க, காசு கேக்க மாட்டாங்க. மாமாவையும் நான் கூட்டிட்டுப் போறேன்.”

அம்மா என்னை இழுத்து என் வாயை இறுகப் பொத்தினாள். கை முழுக்கக் கோஸ் வாடை. முன் அறையில் அப்பா இன்னும் மாமாவைத் திட்டிக்கொண்டிருந்தார், முட்டாள், குடி கெடுத்தவன், ஒன்றுக்கும் உதவாதவன் என்று. மாமா ஒரு வார்த்தை பதில் பேசவில்லை. கண்ணோடு சேர்ந்து அவருக்குக் காதும் போய்விட்டதோ என்று நான் பயந்து போனேன்.