திரைக்குப் பின்னால் ஞானமேரி

கறிக்குழம்புச் சட்டிமேல் குனிந்து மூக்கால் ஒரு இழுப்பு இழுக்கிறாள் ஞானமேரி அக்கா. "உப்பு பத்தல" என்று ஒரு சிட்டிகை போடுகிறாள். ஈஸ்டருக்கு முந்தின தபசுகாலம் முழுக்க அவள் வாயில் கறி படாது. ஆனால் பிழைப்போ துரை வீட்டுக் குசினியில். "ருசி பாத்தாதான் பாவம். மோந்து பாத்தா சேசுநாதரு கோச்சுக்குவாரா?" என்பாள். இப்படிப் பாவத்துக்கு எல்லைக்கோடு போடுவதில் எங்கள் தெருவில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது.

இந்தக் கோடுதான் அந்த வருஷம் அவளைப் படாதபாடு படுத்தியது. பக்கத்திலிருக்கும் சாரம் கிராமத்தில் டாக்கி கூடாரம் போட்டிருந்த காலம். அடடா, என்ன படம் அது! தகப்பனில்லாத ஒரு பையன் ஆளாகிற கதை. எடுத்தவர்களுக்குக் கைப்பணம் தீர்ந்து, படம் நின்று நின்று வளர்ந்ததாம். பையனும் கூடவே வளர்ந்துவிட்டான். நடித்தவன் யாரோ புதுமுகம். முதல் பாதியில் குயில் மாதிரி பாடுவான். பிற்பாதியில் பிழைப்புத் தேடிக் கிளம்பும்போது வாசலில் திரும்பி, "அம்மா, கதவைச் சாத்திக்கோ" என்பான். 'கதவை'யில் குரல் உடைந்துவிடும். நாடகக் கம்பெனியாக இருந்தால் இப்படிக் குரல் உடைந்து மகரக்கட்டு விழுந்த அன்றே பையனை வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். இவனோ தொண்டையைத் தொட்டுப் பார்த்து, வெட்கப்பட்டுச் சிரித்து, அதையே புதுக்குரலில் மறுபடி சொன்னான். நடிப்பென்றால் அதுதான் ஐயா நடிப்பு!

வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல் இதை அக்காவிடம் நான் சொல்லிவைத்தேன். அவள் கையிலிருந்த அகப்பை அப்படியே நின்றுவிட்டது. அவளுடைய ஒரே மகன் லூயிஸ், மீசை அரும்புமுன்பே மாமனோடு சைகோனுக்குக் கப்பலேறியவன். "போவசொல்ல கீச்சுக்குரலு தம்பி. அது ஒடையறத கேக்க எனக்குக் குடுத்துவைக்கல" என்றாள்.

"வாங்களேன் அக்கா, டிக்கெட்டு நான் எடுக்கறேன்."

"ஐயோ, தபசுல டாக்கி பாக்கமாட்டேன்னு மாதாகிட்ட நேந்துகிட்டேனே. பாத்தா எம்புள்ள வராம போயிடுவான்."

படமோ தபசு முடியுமுன்பே, குருத்து ஞாயிறோடு ஊரைவிட்டுக் கிளம்புகிறது. இரண்டு நாள் மாதா கோயிலுக்கும் குசினிக்குமாக அலைந்தாள். மூன்றாம் நாள் முகம் தெளிந்து வந்தாள். "பாக்கமாட்டேன்னுதானே நேந்தேன்? கேக்கமாட்டேன்னு சொல்லலியே!"

அன்று முதல் சாயங்கால ஆட்டத்துக்குக் கூடாரத்தின் பின்பக்கம் வந்துவிடுவாள். குரல் வருகிற பெட்டி திரைக்குப் பின்னால்தான் இருந்தது. ஆனால் பின்பக்கமும் படம் இடம்வலம் மாறித் தெரியுமே! அதனால் கூடாரப் படுதாவுக்கு வெளியே, திரைக்கு முதுகு காட்டி உட்கார்ந்துகொள்வாள். எத்தனை கொசு கடித்தாலும் அசையமாட்டாள்.

கடைசி நாள் துணைக்கு நானும் போயிருந்தேன். உள்ளே ஏகப்பட்ட கூட்டம். எல்லோருக்கும் அந்தக் கட்டம் மனப்பாடம். பையன் வாசலுக்கு வரும்போதே விசிலும் கைதட்டலும் கிளம்பிவிட்டன. அவன்மேல் வைத்த ஆசையில்தான் கத்தினார்கள், பாவிகள்.

"கேக்கலியே தம்பி... ஒண்ணுமே கேக்கலியே!" என்று அக்கா எழுந்தாள். கண்களை இறுக மூடிக்கொண்டாள். படுதாவைத் தூக்கிக் குனிந்து உள்ளே நுழைந்தாள். கயிறு தடுக்கியது. நான் பிடிப்பதற்குள் கைகளால் துழாவிப் பெட்டியைக் கண்டுபிடித்து, அதன்மேல் காதை ஒட்டிவிட்டாள்.

பையன் பேசினான். குரல் உடைந்தபோது பெட்டி அதிர்ந்தது. அவள் கண்ணைத் திறக்கவில்லை. தண்ணீர் மட்டும் வழிந்தது. காய்ச்சல்காரப் பிள்ளையின் தொண்டையைத் தடவுவதுபோல அந்தப் பெட்டியைத் தடவிக்கொண்டே, "சாத்திக்கிறேன்டா... நீ போயிட்டு வா" என்றாள்.