குமுளி மலையில் பின்பக்கமாக ஏறிய லாரி

லாரி டிரைவரா எனக்கு இன்னைக்குத்தான் முதல் லோடு. சின்னமனூர் அரிசி, குமுளிக்கு.

மலையில பாதி ஏறுறதுக்குள்ள இன்ஜின் நின்னுபோச்சு. பக்கத்துல முதலாளி. ரோட்டோரத்துல, நேத்து வரைக்கும் என்கூட மாட்டுவண்டி ஓட்டினவுக.

"ஏலே, எங்க மாட்டைக் கட்டி இழுக்கவா?"ன்னு சிரிச்சாக.

டேங்க் சீட்டுக்கு அடியில இருக்கு. பெட்ரோல் தானா வழிஞ்சுதான் இன்ஜினுக்குப் போகணும்; மேட்டுல வண்டி மூக்கைத் தூக்கினா ஓடாது, பின்பக்கமா ஏறினா டேங்க் மேல வந்துரும். வளைவு வரைக்கும் உருட்டி இறக்கி, வண்டியைத் திருப்பி, ரிவர்ஸிலயே ஏத்தினேன்.

"பின்னால பாருடா!"ன்னு முதலாளி கத்திக்கிட்டே வந்தாக. உச்சிக்குப் போனதும், "நாளைக்குக் கோட்டயம் லோடும் உனக்குத்தான்"னாக.

பின்னாலயும் பாத்தேன். ஆனா சிரிச்சவுக மூஞ்சி, மறையுற வரைக்கும் எனக்கு நேர் எதிரேல்ல இருந்துச்சு!

நேரா ஏறுறவுகளுக்கு இந்தக் காட்சி கிடைக்குமா, சொல்லுங்க?