நாலு வீட்டு நாவல் வலை

நாவல்பழத்தைப் பார்த்தால் எல்லோருக்கும் எச்சில் ஊறும். எனக்குக் கோபம்தான் வருகிறது. போன வாரம் ராமநாதபுரம் பஸ் ஸ்டாண்டில் ஓர் அம்மா கூடையோடு வந்து, "உப்புப் போட்டுத் தரவாத்தா?" என்று பிரியமாகத்தான் கேட்டார். நான் முறைத்த முறைப்பில் அடுத்த ஆளிடம் போய்விட்டார். பாவம், அவர் என்ன செய்வார்? எங்கள் மரத்தை வெட்டியவன் என் அண்ணன்.

தங்கச்சிமடத்தில் எங்கள் சந்தில் எதிரும் புதிருமாக நாலு வீடு, நடுவில் அந்த நாவல் மரம். ஆனி பிறந்தால் சந்து முழுக்க ஊதாச் சேறு. செருப்பு வழுக்கும், ஈ மொய்க்கும், புளித்த வாடை கருவாட்டு வாடையையே அமுக்கிவிடும். ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு வெள்ளை உடுத்திப் போகிறவர்கள் மரத்தைத் திட்டிக்கொண்டே சுவரோரமாக நடப்பார்கள். அதற்காகத்தான் வலை. கடலுக்கு ஆகாத பழைய வலையைத் தலைக்கு மேலே விரித்து, நாலு மூலையையும் நாலு வீட்டு ஜன்னல் கம்பியில் கட்டுவோம். பழம் உடையாமல் அதில் விழும். சாயங்காலம் நாலு வீட்டாரும் ஒரே நேரத்தில் கயிற்றைத் தளர்த்த வேண்டும். ஒரு வீடு முரண்டு பிடித்தாலும் பழமெல்லாம் ஒரு பக்கமாகச் சரிந்து மண்ணுக்குப் போய்விடும்.

ஒரு வருஷம் எங்கள் அய்யா அவசரத்தில் கண் பெரிய வலையைக் கட்டிவிட்டார். இத்தனைக்கும் ஆயுசு முழுக்கக் கடலுக்குப் போனவர்! பழம் அத்தனையும் வலைக்கண் வழியாக இறங்கி, பூசைக்குக் கிளம்பிய எதிர்வீட்டு எஸ்தர் அக்காளின் சேலையில். ஒரு மாசம் எங்களோடு பேச்சில்லை. ஆனால் சாயங்காலமானால் ஜன்னலுக்கு வந்தாக வேண்டுமே. அம்மா என்னிடம் சத்தமாகச் சொல்வார்: "அவளக் கயித்த விடச் சொல்லு." எதிரிலிருந்து பதில் வரும்: "விட்டாச்சுன்னு சொல்லு." நடுவில் நான் எதற்கென்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

அண்ணன் வெளிநாட்டிலிருந்து திரும்பி, வீட்டை இடித்துக் கட்டினான். வாசலில் வெள்ளை டைல்ஸ், கம்பியில்லாத கண்ணாடி ஜன்னல். கயிறு கட்ட இடமில்லை. மூன்று மூலையில் வலை நிற்குமா? பழமெல்லாம் அவன் வாசலிலேயே கொட்டியது. எஸ்தர் அக்கா கெஞ்சியிருக்கிறார்: "செவுத்துல ஒரு கொக்கி அடிச்சுக் குடு தம்பி, நாங்களே கட்டிக்கிறோம்." புதுச் சுவரில் ஓட்டை போட மாட்டானாம். ஒரு கொக்கி! நீங்களே சொல்லுங்கள், எரியுமா எரியாதா?

"கறை போகவே மாட்டேங்குது தங்கச்சி. வெட்டிரவா?" என்று எனக்குப் போன் செய்தான். மதுரையில் ஆபீசுக்குக் கிளம்பும் அவசரத்தில், "ஒனக்குச் சரின்னு பட்டதச் செய்யி" என்று சொல்லிவிட்டேன். இந்த வாயை என்ன செய்ய? கோபத்தில் பாதி என் மேல்தான்.

போன மாசம் அவன் வீட்டுக்குப் போயிருந்தேன். எனக்காக மீன் வாங்கி வந்தான். பை கிழிந்து வாசல் முழுக்க ரத்தம். நான் பதறிப்போய்த் துணி தேடினேன். அவன் சிரித்தான்.

"விடு தங்கச்சி, டைல்ஸ்தானே? தண்ணி ஊத்துனா போயிரும்."

ஊற்றினான். போய்விட்டது.

அந்த மீனை நான் தொடவில்லை. அன்றிலிருந்து அவனோடு பேச்சில்லை. முன்பென்றால் எத்தனை கோபமிருந்தாலும் சாயங்காலம் கயிற்றை விட வந்தே தீர வேண்டும். இப்போது அவனும் வர வேண்டாம், நானும் வர வேண்டாம்.